கலிங்கு அடைத்த வருஷம்

கோலாலம்பூரில் மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் அல்லாடினோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மத்தியானம் திரும்பினால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ஊரில் என்ன பஞ்சம் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மழை பெய்வது வேறு, பெய்த மழை நம் மாட்டுக்கு நிற்பது வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால், செங்கல் காளவாய்களையும் தாண்டி, ஒரு மேடு இருந்தது. அதில் இருந்த மரங்களையெல்லாம் காளவாய்க்காரர்கள் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள். நாங்கள் போனபோது லாலான் புல் மட்டும் இடுப்பளவு நின்றது. மேட்டின் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓர் ஓடை. ஓடை கீழே இறங்கி, குவாட்டர்ஸ் சாக்கடை வழியாகப் போய், கிள்ளான் ஆற்றில் விழும். அந்த மேட்டில் நாங்கள் நாலைந்து குடும்பம் கொட்டகை போட்டு மாடு வைத்திருந்தோம். எல்லோரும் ராமநாதபுரம் சீமைக்காரர்கள். மேடு சர்க்கார் நிலம். ஆபீஸில் அனுமதி வாங்கித்தான் இருந்தோம்.

என் வீட்டுக்காரர் முதலில் ரயில் ரோட்டு வேலையில் இருந்தார். ஒரு நாள் கட்டை நழுவிக் காலில் விழுந்தது. கால் போகவில்லை, ஆனால் சாய்ந்து சாய்ந்துதான் நடக்க முடிந்தது. சாய்ந்து நடக்கிறவனுக்கு ரோட்டில் என்ன வேலை? போகச் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு மாடுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அவர் மேய்த்துக் கறப்பார், நான் பித்தளைக் குடத்தில் எடுத்துப் போய் குவாட்டர்ஸ் வீடுகளில் ஊற்றுவேன். மேடு கைவிட்டுப் போனால் மாட்டை விற்க வேண்டும், மாட்டை விற்றால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

லாலான் முற்றிவிட்டால் மாடு வாயில் வைக்காது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், நாக்கை அறுக்கும். அதனால் தை, மாசியில் காய்ந்த புல்லுக்கு ஆம்பளைகள் தீ வைத்துவிடுவார்கள். ஊரிலும் தரிசுகளைக் கொளுத்திப் பழகிய கைகள்தானே. மேடு கருகிப் போகும். பிறகு ஒரு தூறல் போட்டால் போதும், பச்சைப் பசேலென்று குருத்து விடும். மாடுகள் அதை மொட்டை அடிக்கும். மறுபடி முற்றும், மறுபடி தீ. வேர் பிடித்து நிற்கிற புல்லுக்கு மூச்சு விடவே நேரம் கொடுக்கவில்லை. மேட்டின் உச்சி வழுக்கைத் தலையாகிவிட்டது. மழை வந்தால் தண்ணீர் அங்கே ஒரு நிமிஷம் நிற்காது. செம்மண்ணை வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே போய்விடும். முன்பெல்லாம் வெயில் காலத்திலும் சலசலவென்று ஓடிய ஓடை, பிறகு மழை நின்ற நாலாம் நாளே நூலாக இளைத்துவிடும்.

மண் போய்ச் சேர்ந்த இடம் குவாட்டர்ஸ். அங்கே கடைசி வரிசையில், ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஒரு ஃபயர்மேன் குடும்பம் இருந்தது, வேதக்காரர்கள். அந்த வீட்டம்மாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளைச் சேலை கட்டிப் போகிறவர். சாக்கடை பொங்கி அவர் துவைகல் வரைக்கும் செஞ்சேறு வந்துவிட்டால் என்னைப் பிடித்துக்கொள்வார். நான்தானே தினமும் அவர் வாசலில் போய் நிற்கிறேன்!

"பால் ஊத்த வாறியா, சேறு ஊத்த வாறியா? ஒங்க மாடு திங்கிறதுக்கு நான் செவப்புச் சேலையா கட்டணும்?"

"மழை பெஞ்சா மண்ணு வரத்தான் செய்யும். வானத்தப் போயி கேளுங்க அக்கா" என்பேன் நானும். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

"வானத்த நான் கேட்டுக்கிறேன். மொதல்ல ஒங்க ஆளுங்கள தீக்குச்சியக் கீழ வைக்கச் சொல்லு!"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குவாட்டர்ஸ்காரர்கள் ஆபீஸுக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். ஆபீஸிலிருந்து கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு மேடு ஏறி வந்தார். பாண்டிச்சேரிப் பக்கத்து ஆள், நல்ல மனுஷர்தான். "இனிமே இங்கேருந்து சேறு கீழ எறங்குச்சுன்னா, மாட்டை எல்லாம் அவுத்துக்கிட்டு எடத்தக் காலி பண்ணிடணும்னு தொரை சொல்லிட்டாரு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்கள் கொட்டகையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

யோசனை சொன்னது என் வீட்டுக்காரர்தான். அவருடைய அப்பா ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. அதனால் தண்ணீர் விஷயத்தில் இவர் சொல்லுக்கு மேட்டில் ஒரு மதிப்பு. பள்ளத்தின் குறுக்கே ஒரு கரை போடுவோம் என்றார். "சேறும் உள்ளயே தங்கிரும், தண்ணியும் நிக்கும். வெயில் காலத்துல மாடு குடிக்கும். கீழ இருக்குறவுகளுக்கும் தொல்ல இல்ல." நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனைதான்.

ஆம்பளைகள் வெட்டிப் போட, நாங்கள் கூடையில் சுமந்து கொட்டினோம். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவள்கூட வந்து மண் சுமந்தாள். கரையை மிதித்து இறுக்க மாடுகளையே மேலே ஓட்டினோம். ஒரு பக்கத்தில், அதிகத் தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு வைத்தார். ஊரில் இருக்கிற மாதிரியே, வழியும் இடத்தில் கற்களை வரிசையாகக் குத்தி நட்டார். ஊரிலே அந்தக் கற்களுக்கு ஒரு வேலை உண்டு. மழைக்காலம் முடியப் போகிறது என்று தெரிந்ததும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வேர் மண்ணோடு பெயர்த்த புல் கட்டியும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். வழிந்து போகிற தண்ணீர் நின்று, கண்மாயில் இன்னும் ஒரு முழம் ஏறும். அந்த ஒரு முழத்தில்தான் கடைசிப் பயிர் பிழைக்கும். கலிங்கு அடைக்கிற நாளை நீர்பாய்ச்சி பார்த்துச் சொல்ல வேண்டும். என் மாமனார் சொல்லித் தப்பியதே இல்லை என்று இவர் பெருமையாகச் சொல்வார்.

அந்த ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. ஆகா, அன்றைக்கு நாங்கள் போட்ட கூத்து! தேங்காய் உடைத்து, கரை மேலேயே பொங்கல் வைத்தோம். ஆம்பளைகள் கள்ளுக்கடைக்குப் போய்ப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நானும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க மனசே வரவில்லை. ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு ஊற்றுத் தோண்டிக் காத்திருந்த கால் அது.

கலிங்கு வழியாகப் போன தண்ணீர் கீழே தெளிந்து இறங்கியது. ஃபயர்மேன் வீட்டம்மாள் சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஒங்க தண்ணிக்கு வெக்கம் வந்திருக்கு" என்றார். கூடவே அரைப் போத்தல் பால் அதிகமாகக் கேட்டார். சமாதானம் என்று நான் புரிந்துகொண்டேன்.

தை, மாசியில் மழை நின்றது. குளத்துத் தண்ணீரில் மாடுகள் குடித்தன. கரையின் அடியில் ஊறிக் கசிந்த ஈரத்தில் நல்ல புல் முளைத்தது, மேட்டிலேயே அதுதான் மிருதுவான புல். எங்கள் நெற்றிச்சுட்டிப் பசு சினையாக இருந்ததால் அதை அங்கேயே முளையடித்துக் கட்டினோம். ஆனால் குளம் நாளுக்கு நாள் இறங்கியது. இவர் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் போய்க் குளத்தைப் பார்ப்பார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். முழங்கால் ஆழத்துக்கு வந்தபோது சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

பங்குனியில் மறுபடி மழை பிடித்தது. மளமளவென்று நிறைந்து கலிங்கு வழிய ஆரம்பித்தது. ஆம்பளைகள் எல்லோரும் கரையில் நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவருக்குப் பொறுக்கவில்லை. புல் கட்டியை வெட்டி எடுத்துக் கற்களின் நடுவே திணிக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, இப்பத்தான மழையே ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போயி அடைக்கிறீங்க?"

"பெய்யிற மழை நிக்கும் புள்ள. நின்னதுக்கு அப்புறம் ஒங்கப்பனா வந்து ஊத்துவாரு?"

"எங்கப்பன எதுக்கு இழுக்குறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் கட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அடைத்தாகிவிட்டது. இந்த ஊரில் பங்குனி, சித்திரையில் ஒரு மழைக்காலம், ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழைக்காலம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வருஷக்கணக்காக நனைந்தவர்கள்தான். ஆனால் நிறைந்த குளத்தைக் கண்டதும் கை ஊர்க் கையாகிவிட்டது. கடைசி மழை என்று ஒன்று இல்லாத ஊரில் கடைசி மழைக்கான வேலையைச் செய்தார்கள்.

அடைத்துச் சில நாள் போயிருக்கும். சாயங்காலப் பால் ஊற்ற நான் குவாட்டர்ஸில் இருந்தேன். வானம் கறுத்து, எதிரே ஆள் தெரியாத மழை. ஃபயர்மேன் வீட்டம்மாள் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். குடித்து முடித்தும் மழை குறையவில்லை. அவர் வாசலில் நின்று சாக்கடையைப் பார்த்தார். இவ்வளவு மழைக்கு அது பொங்கியிருக்க வேண்டும். பாதிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா பால்காரம்மா, இந்த மழைக்கு மேட்டுத் தண்ணி எல்லாம் எங்க போவுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் வராததே கெட்ட சேதி. எல்லாம் மேலே அந்த மண் கரைக்குப் பின்னால் நிற்கிறது. கரைக்கு அடியில் நெற்றிச்சுட்டி கட்டியிருக்கிறது. அதற்குக் கீழே இந்த வீடுகள்.

"அக்கா, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு முன் வரிசைக்குப் போயிருங்க" என்று கத்திவிட்டுக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மேட்டில் ஏறும்போதே பார்த்தேன். கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிந்து மண் உப்பியிருந்தது. முதலில் மாட்டைத்தான் அவிழ்த்தேன். அது சினை வயிற்றைத் தூக்கிக்கொண்டு நகர மறுத்தது. வாலை முறுக்கிக் கெட்ட வார்த்தை சொல்லி மேலே ஓட்டினேன். பிறகு கரை மேல் ஏறினால், ஆம்பளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கரையை உசத்திக்கொண்டிருந்தார்கள்! மழையில் வெட்டி வெட்டி மேலே மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஒருத்தருக்கும் கலிங்கைப் பிரிக்கத் தோன்றவில்லை. இவர் கலிங்கின் மேலேயே நின்று, கற்களுக்கு நடுவே இன்னும் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சு விடுங்க! கரை ஒடையப் போவுது!"

"கிட்ட வராத."

"கீழ புள்ளகுட்டி இருக்குங்க! கரை போனா மேடும் போச்சு, மாடும் போச்சு, எல்லாம் போச்சு!"

பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், குழந்தை மாதிரி இருந்தது. "தண்ணிடி" என்றார். "தண்ணிடி..." எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. "கைய விடுங்க!" என்று உதறித் தள்ளிவிட்டேன். சாய்ந்த காலல்லவா, சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் வெட்டினேன். முதல் கட்டியை எடுத்ததுதான் தெரியும். மிச்சத்தைத் தண்ணீரே பிடுங்கிக்கொண்டது. கற்கள் உருண்டன. நான் நினைத்ததைவிடப் பெரிய வாயாகிப் பாதிக் குளம் இரைந்துகொண்டு கீழே போனது.

கரை நின்றது. ஆனால் அதுவரை குளத்தின் அடியில் தங்கியிருந்த சேற்றில் கொஞ்சம் குவாட்டர்ஸ் வரைக்கும் போய்விட்டது.

மறுநாளே துரை வந்தார், கிராணி குடையோடு பின்னால் வந்தார். குளத்தையும் மேட்டையும் பார்த்துவிட்டு எங்களையும் அழைத்துக்கொண்டு கீழே குவாட்டர்ஸுக்குப் போனார். கடைசி வரிசையில் நின்று, சேறு வந்ததா என்று கிராணியை விட்டுக் கேட்டார். ஃபயர்மேன் வீட்டம்மாள் முன்னால் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ? எத்தனை நாள் சண்டை!

"வந்துச்சு. வாசப்படி வரைக்கும் வந்துச்சு, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கரை ஒடஞ்சிருந்தா, நான் இங்க நின்னு ஒங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். இந்தப் பால்காரம்மாதான் வெட்டி விட்டுச்சு. புருஷனத் தள்ளிவிட்டுட்டு வெட்டுச்சு. இத வெரட்டுனா எம்புள்ளைங்களுக்கு யாரு பால் ஊத்துவா? தொரை ஊத்துவாரா, கேளுங்க!"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணி அதை எப்படிச் சொன்னாரோ, துரை என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு அவருக்குத் தேவையில்லை.

அடுத்த மழைக்காலம் முடியும்வரை தவணை கொடுத்தார்கள். மேட்டுக்குத் தீ வைக்கக் கூடாது. உச்சிப் பாதியில் புல் தேறும்வரை மாடு ஏறக் கூடாது. கலிங்கை இரண்டு மடங்கு அகலமாக்க வேண்டும், எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாது. மறுபடி சேறு இறங்கினால் பேச்சே கிடையாது.

அதன்பிறகு இவர் என்னோடு பேசவில்லை. சோறு, கயிறு, வாளி, இவ்வளவுதான் பேச்சு. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? நானும் பேசவில்லை. மற்றவர்களும் என்னைத் தண்ணீரைக் கொன்றவள் போலத்தான் பார்த்தார்கள். ஆடியில் வெயில் பிடித்தபோது அந்தப் பார்வை இன்னும் உறைத்தது, ஏனென்றால் மிஞ்சியிருந்த பாதிக் குளமும் சீக்கிரமே வற்றிவிட்டது. உச்சிப் பாதியும் அடைப்பில் இருந்ததால் மாட்டுக்குப் புல் போதவில்லை. ரயில் ரோட்டோரம் அறுத்துக் கட்டிச் சுமந்தோம். தண்ணீருக்குக் குவாட்டர்ஸ் குழாய்தான் கதி. ஃபயர்மேன் வீட்டம்மாள் அங்கே நின்று எல்லோரையும் அதட்டி, குவாட்டர்ஸ்காரர்கள் பிடித்து முடித்ததும் எங்களுக்கு விடச் செய்தார். இவர் மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டைக் கம்பில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சாய்ந்து சாய்ந்து மேடு ஏறுவார். நெற்றிச்சுட்டி கன்று போட்டிருந்தது. அதற்கு மட்டும் தன் கையாலேயே தண்ணீர் காட்டுவார்.

ஆவணியில் ஒரு நாள் போய்ப் பார்த்தால், கலிங்கை இரண்டு மடங்கு அகலமாக வெட்டி, உருண்டு போன கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து தளமாகப் பதித்து முடித்திருந்தார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ஐப்பசி வந்தது. குளம் நிறைகிறது என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பெரிய மழை. மாட்டுக் கொட்டகையில் இவரைக் காணோம். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியையும் காணோம். போச்சு, மறுபடி அடைக்கப் போய்விட்டார். கிராணி வருவார், மாட்டை அவிழ்க்கச் சொல்வார். தலையில் ஒரு சாக்கைக்கூடப் போடாமல் ஓடினேன். என்னென்ன திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு ஓடினேன்.

மண்வெட்டி கரை மேல் கிடந்தது. இவர் கலிங்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு புல் கட்டி. அப்போதுதான் வெட்டியது, வேரில் மண் ஒட்டியிருந்தது. கலிங்கு திறந்தே கிடந்தது. அதன் மேல் தண்ணீர் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. உச்சியில் புல் மூடியிருந்ததால் அவ்வளவு மழைக்கும் சிவப்பு குறைந்துதான் இருந்தது. சேர்த்து வைத்த திட்டு ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "போவுது பாரு."

"போகட்டுங்க."

"நம்மூர்ல இம்புட்டுத் தண்ணி வீணாப் போச்சுன்னா, அந்த வருஷம் பாதி ஊரு கப்பலேறிரும்."

நாங்களும் அப்படி ஒரு வருஷம் கப்பலேறியவர்கள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முகம் முழுக்க மழைத் தண்ணீர் வழிந்தது, எது மழை எது கண்ணீர் என்று நான் கேட்கவில்லை. பிறகு கையிலிருந்த புல் கட்டியை என்னிடம் நீட்டினார். வாங்கி, கரையில் மாட்டுக் குளம்பு பட்டுப் பெயர்ந்திருந்த ஓர் இடத்தில் பச்சை மேலே தெரியும்படி வைத்து அமுக்கினேன். கறக்க நேரமாகிவிட்டது என்று அவர்தான் முதலில் எழுந்தார்.